'எஸ்' வந்தால் 'ஷ்', 'எஸ்-இசட்' வந்தால் 'ஸ்': ஹங்கேரி எழுத்துகளை எப்படி உச்சரிக்கணும்?

2024 செப்டம்பரில் நடந்த 45-வது செஸ் ஒலிம்பியாட் ஞாபகம் இருக்கா? ஓப்பன் பிரிவு, பெண்கள் பிரிவு ரெண்டிலும் இந்தியாவுக்குத் தங்கம். குகேஷ், பிரக்ஞானந்தா, வைஷாலி என்று நம்ம ஊர்ப் பெயர்களோடு சேர்ந்து, போட்டி நடந்த ஊரின் பெயரும் ரெண்டு வாரம் நம் செய்திகளில் ஓடிக்கிட்டே இருந்தது. நாம் எல்லாரும் அதை 'புடாபெஸ்ட்' என்று சொன்னோம். ஆனால் அந்த ஊர்க்காரர் ஒருத்தரைச் சொல்லச் சொன்னால், 'புதொபெஷ்த்' என்பதற்குப் பக்கத்தில் வரும்.

2025-ல் இலக்கிய நோபல் பரிசு ஹங்கேரி எழுத்தாளர் ஒருவருக்குப் போனது. பெயரைப் படிக்கவே பல பேருக்கு மூச்சு வாங்கியது. அவர் பெயரை எப்படிச் சொல்வது என்று கடைசியில் பார்ப்போம். அதுக்கு முன்னாடி எழுத்துகளைத் தெரிஞ்சுக்கணும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். ஹங்கேரிய மொழி கஷ்டமானது என்று ஒரு பேர் உண்டு. இலக்கணத்தைப் பொறுத்தவரை அது உண்மைதான். ஆனால் எழுத்துகளை வாசிப்பது கஷ்டமே இல்லை. ஆங்கிலத்தில் ஒரே எழுத்து ஒரு சொல்லில் ஒரு மாதிரியும் இன்னொரு சொல்லில் வேறு மாதிரியும் ஒலிக்கும். ஹங்கேரியத்தில் அந்த ஏமாற்று வேலை கிட்டத்தட்ட கிடையாது. ஒரு எழுத்துக்கு ஒரு ஒலி. ஒருமுறை கற்றுக்கொண்டால், அர்த்தம் தெரியாத சொல்லைக்கூட சத்தமாக வாசித்துவிடலாம். நமக்குப் பிரச்சினை தருவது, பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படித்த பழக்கம்தான்.

இது யாருக்கு அவசியம்?

ஹங்கேரியின் செகெத், தெப்ரெட்சென், பேச் நகரங்களிலும் தலைநகரிலும் ஆங்கிலத்திலேயே மருத்துவம் சொல்லிக்கொடுக்கும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. அந்நாட்டு அரசின் 'ஸ்டிபெண்டியம் ஹங்காரிகம்' உதவித்தொகையில் இந்திய மாணவர்களும் படிக்கப் போகிறார்கள். பாடம் ஆங்கிலத்தில் இருக்கலாம். ஆனால் ஆஸ்பத்திரி வார்டில் படுத்திருக்கும் பாட்டிக்கு ஆங்கிலம் தெரியணும் என்று இல்லையே. அதனால்தான் மருத்துவ மாணவர்களுக்கு ஹங்கேரிய மொழியும் ஒரு பாடமாகவே வருகிறது.

அந்தப் பாட்டியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'ஹொல் ஃபாய்?' அதாவது 'எங்கே வலிக்குது?' இதில் 'ஃபாய்' என்பதை நீட்டாமல் சொன்னால் அது 'இனம்' அல்லது 'வகை' என்று அர்த்தம் தரும் வேறு சொல். 'கொர்' என்றால் வயது. 'கோர்' என்றால் நோய். நீட்டுவதா, நிறுத்துவதா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

மொத்தம் எத்தனை எழுத்து?

44. ஆங்கிலத்தின் 26 எழுத்துகள், தலையில் கோடோ புள்ளியோ வைத்த உயிரெழுத்துகள் 9, ரெண்டு மூணு எழுத்து சேர்ந்து ஒரே எழுத்தாக எண்ணப்படும் கூட்டெழுத்துகள் 9. அவ்வளவுதான். 247 எழுத்து படித்து வளர்ந்த நமக்கு 44 பெரிய விஷயமா?

இந்த 44-ல் க்யூ, டபிள்யூ, எக்ஸ், ஒய் நாலும் விருந்தாளிகள் மாதிரி. வெளிநாட்டுச் சொற்களிலும் பழைய குடும்பப் பெயர்களிலும்தான் தனியாக வரும். அதைக் கழித்தால் 40.

கூட்டெழுத்து என்பது வெறும் பேச்சுக்கு இல்லை, அகராதியிலேயே அதற்குத் தனி இடம் உண்டு. 'சி-எஸ்' கூட்டில் தொடங்கும் சொல்லை 'சி' வரிசைக்கு நடுவில் தேடினால் கிடைக்காது. 'சி' சொற்கள் எல்லாம் முடிந்த பிறகுதான் அந்த வரிசை ஆரம்பிக்கும்.

உயிரெழுத்து: தமிழ் தெரிந்தவருக்குப் பாதி வேலை மிச்சம்

இங்கதான் நமக்கு அதிர்ஷ்டம். ஹங்கேரியத்தில் 14 உயிரெழுத்து: 7 குறில், 7 நெடில். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கு இந்தக் குறில்-நெடில் விஷயத்தைப் புரிய வைக்கவே ஆசிரியர் ரொம்பப் பாடுபடணும். கல்-கால், எரி-ஏரி, கொடு-கோடு என்று ஒன்றாம் வகுப்பிலேயே படித்த நமக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

நாம் காலும் கொம்பும் போட்டு நெடில் ஆக்குகிற மாதிரி, அவர்கள் எழுத்தின் தலையில் ஒரு சாய்வுக் கோடு போடுகிறார்கள். கோடு இருந்தால் நெடில், இல்லாவிட்டால் குறில். இ-ஈ, உ-ஊ, ஒ-ஓ மூணு ஜோடியும் அப்படியே நம்முடையதுதான். எ-ஏ ஜோடியிலும் பெரிய சிக்கல் இல்லை. குறில் சொல்லும்போது மட்டும் வாயைக் கொஞ்சம் அகலமாகத் திறக்கணும்.

இதுக்கு ஹங்கேரியர்களே சொல்லும் பிரபலமான உதாரணம் ஒன்று உண்டு. கெரெக் என்றால் வட்டமான. கெரேக் என்றால் சக்கரம். கேரெக் என்றால் 'எனக்கு வேணும், தாங்க'. மூணும் ஒரே மெய்யெழுத்துகள், கோடு எங்கே விழுகிறது என்பதில் மட்டும்தான் மாற்றம். காபிக் கடையில் 'கேரெக்' என்று கேட்கவேண்டிய இடத்தில் 'கெரேக்' என்றால் சக்கரம் கேட்டதாக ஆகிவிடும்.

சிக்கல் வருவது முதல் எழுத்தில்தான். ஆங்கிலத்தில் 'ஏ' என்று சொல்கிறோமே, அந்த எழுத்து. கோடு போட்டால் சுத்தமான 'ஆ'. கோடு இல்லாவிட்டால் 'அ' இல்லை. 'அ' சொல்ல வாயைத் திறந்து, உதட்டை மட்டும் 'ஒ' சொல்வது மாதிரி குவித்தால் என்ன வருமோ அதுதான். பிரிட்டன்காரர் 'ஹாட்', 'பாட்' என்று சொல்லும்போது நடுவில் வரும் ஒலி கிட்டத்தட்ட இதுதான். தமிழில் இதை எழுத எழுத்து இல்லை என்பதால், இந்தக் கட்டுரையில் 'ஒ' போட்டே எழுதுகிறோம். தலைநகரின் பெயர் 'புதா' என்று இல்லாமல் 'புதொ' என்று ஆனது அதனால்தான். சமையலில் போடும் பாப்ரிகாகூட அங்கே 'பொப்ரிகொ'.

மிச்சம் இருப்பது, தமிழில் அறவே இல்லாத ரெண்டு ஜோடி. பயப்பட வேண்டாம், ஒரு சுலபமான வழி இருக்கு.

'எ' என்று சொல்லுங்க. நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் 'ஒ' மாதிரி குவியுங்க. வந்த ஒலிதான், ரெண்டு புள்ளி வைத்த 'ஓ' எழுத்து. அதேபோல 'இ' என்று சொல்லிக்கிட்டே உதட்டை 'உ' மாதிரி குவித்தால், ரெண்டு புள்ளி வைத்த 'யூ' எழுத்து. கண்ணாடி முன்னாடி நின்று ஒரு அஞ்சு நிமிஷம் முயற்சி பண்ணினால் பிடிபட்டுவிடும். இதன் நெடிலுக்கு ரெண்டு புள்ளிக்குப் பதில் ரெண்டு சாய்வுக் கோடு. ஓர் எழுத்தின் தலையில் இப்படி ரெட்டைக் கோடு பார்த்தால், அது ஹங்கேரியப் பெயர் என்று பெரும்பாலும் அடித்துச் சொல்லலாம். 1974-ல் ரூபிக் கியூபைக் கண்டுபிடித்தவரின் பெயர் எர்னோ ரூபிக் என்று படித்திருப்போம். அந்த 'னோ' உண்மையில் உதடு குவித்த 'னே'.

'நன்றி' சொல்லும் சொல்லில் இந்த ஒலி மூணு தடவை வரும். 'கெஸெனெம்' என்று சொல்லிப் பாருங்க. இப்போது அதையே உதட்டைக் குவித்தபடி, கடைசி வரை விரிக்காமல் சொல்லுங்க. சரியாக வந்துவிட்டது!

இங்கேயும் நீளம் முக்கியம்தான். இந்த ஒலியைக் குறிலாக வைத்து 'எரில்' மாதிரி சொன்னால் 'அவன் மகிழ்கிறான்'. நெடிலாக்கினால் 'அவனுக்குப் பைத்தியம் பிடிக்கிறது'. இந்தச் சொல்லின் 'ரி'-யும் உதடு குவித்த 'ரி'-தான்.

'எஸ்' ஏன் 'ஷ்' ஆனது?

வெளியூர்க்காரர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. ஹங்கேரியத்தில் தனி 'எஸ்' என்றால் 'ஷ்'. பக்கத்தில் 'இசட்' சேர்ந்தால்தான் நமக்குத் தெரிந்த 'ஸ்'. 'ஷோ' என்றால் உப்பு, 'ஸோ' என்றால் சொல். எழுத்தில் வித்தியாசம் அந்த ஒரு 'இசட்' மட்டும்தான். போலிஷ் மொழியில் இது அப்படியே தலைகீழ் என்பது கூடுதல் குழப்பம்.

இந்த ஒரு விதி தெரிந்தால் நிறையப் பெயர்கள் நேராகிவிடும். சிறந்த கோலுக்கு ஃபிஃபா கொடுக்கும் விருது 'புஸ்காஸ்' இல்லை, 'புஷ்காஷ்'. பணக்காரர் ஜார்ஜ் சோரோஸின் குடும்பப் பெயர் அந்த ஊரில் 'ஷொரொஷ்'. லிவர்பூல் வீரர் டொமினிக் ஸொபொஸ்லொயி பெயரில் ரெண்டு இடத்திலும் 'எஸ்-இசட்' வருவதால் அங்கே 'ஸ்'தான்.

இசையமைப்பாளர் லிஸ்ட் பெயரிலும் இதே கதை. எழுதும்போது நடுவில் ஒரு 'இசட்' இருக்கும். அது இல்லாவிட்டால் ஹங்கேரியர்கள் 'லிஷ்ட்' என்று வாசித்துவிடுவார்கள். தலைநகர் விமான நிலையத்துக்கே அவர் பெயர்தான். அதே எழுத்துகளை மளிகைக் கடையில் மாவுப் பொட்டலத்தின் மேலேயும் பார்க்கலாம். 'லிஸ்த்' என்றால் மாவு!

இதே குடும்பத்தில் இன்னும் சில. 'சி' வந்தால் க-வும் இல்லை, ச-வும் இல்லை. பீட்சா என்று சொல்லும்போது நடுவில் வரும் 'ட்ஸ்'. தெருப் பலகைகளில் எல்லாம் இருக்கும் 'தெரு' என்ற சொல்லை ஆங்கிலப் பழக்கத்தில் 'உட்கா' என்று வாசிக்கத் தோன்றும். அது 'உட்ஸொ'. 'சி-எஸ்' வந்தால் பச்சை, மிச்சம் என்பதில் வரும் அழுத்தமான 'ச்'. 'இசட்-எஸ்' என்பது ஆங்கிலேயர் 'டெலிவிஷன்' என்னும்போது வரும் அதிர்வுள்ள 'ஷ'. நாம் அதைச் சாதாரண 'ஷ'-வாகவே சொல்லிப் பழகிவிட்டதால், இதுக்குத் தனியாகப் பயிற்சி வேணும். தொண்டையில் விரல் வைத்துச் சொன்னால் அதிர்வு தெரியணும்.

'டி-இசட்-எஸ்' மூணும் சேர்ந்தால் நம்ம 'ஜ'. அந்த எழுத்தில் தொடங்கும் சொற்கள் ரொம்பக் குறைவு, பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவை. அதில் ஒன்று 'ஜுங்கெல்'. காடுதான். இந்தியாவிலிருந்து ஆங்கிலம் எடுத்துக்கொண்டு போன 'ஜங்கிள்', சுற்றிச் சுற்றி ஹங்கேரி வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கு.

'ஒய்' சேர்ந்தால் என்ன ஆகும்?

கூட்டெழுத்தில் வரும் 'ஒய்'-க்குத் தனி ஒலி இல்லை. முன்னால் இருக்கும் எழுத்தைக் குழைக்கும் வேலை மட்டும்தான் அதுக்கு.

'என்-ஒய்' என்றால் 'ஞ'. ஞாயிறு, ஞானம். ஐரோப்பியர் பலர் சிரமப்படும் ஒலி நமக்கு இலவசம். 'டி' இனத்து எழுத்தோடு, அதாவது 'தீ' என்று ஒலிக்கும் ஆங்கில 20-வது எழுத்தோடு 'ஒய்' சேர்ந்தால் சத்யா என்பதில் வரும் 'த்ய'. 'ஜி-ஒய்' என்றால் வித்யா என்பதில் வரும் 'த்ய', கொஞ்சம் இறுக்கமாக. இதை 'க்ய' என்று வாசிப்பதுதான் பெரிய தப்பு. ஹங்கேரியர்கள் தங்களையே அழைத்துக்கொள்ளும் பெயர் 'மக்யார்' இல்லை, 'மொத்யொர்'. 1956 புரட்சியின்போது பிரதமராக இருந்து, 1958-ல் தூக்கிலிடப்பட்ட இம்ரெ நொத்ய் பெயரிலும் இதே எழுத்துதான். பல புத்தகங்களில் அவர் 'நாகி' ஆகிவிட்டார், பாவம்.

'எல்-ஒய்' கதை சுவாரசியமானது. பழைய காலத்தில் இதுக்கு 'ல்ய' மாதிரி தனி ஒலி இருந்தது. இன்று பொது உச்சரிப்பில் வெறும் 'ய'. ஏற்கெனவே 'ஜே' எழுத்துக்கும் 'ய' ஒலிதான். ஆக ஒரே ஒலிக்கு ரெண்டு எழுத்து! எந்தச் சொல்லில் எது என்று அந்த ஊர்ப் பிள்ளைகள் மனப்பாடம் பண்ணித்தான் ஆகணும். சின்ன ர-வா பெரிய ற-வா என்று நாம் முழித்த மாதிரி. உலகமே 'கூலாஷ்' என்று சொல்லும் அந்த மாட்டிறைச்சிச் சூப்பை ஹங்கேரியர் 'குயாஷ்' என்கிறார். 'ஜே' விதியையும் மறக்காதீங்க. செஸ் ராணி ஜூடிட் போல்கர், சொந்த ஊரில் 'யுதித் பொல்கார்'.

இத்தனை கூட்டெழுத்து எதுக்கு?

சுற்றியுள்ள ஜெர்மன், ஸ்லாவிய, ருமேனிய மொழிகளோடு ஹங்கேரியத்துக்கு உறவு இல்லை. ஃபின்னிஷ், எஸ்டோனியன் மொழிகள் இருக்கும் உராலிக் குடும்பம் அது. கி.பி. 1000 வாக்கில் மன்னர் ஸ்டீபன் காலத்தில் நாடு கிறிஸ்தவ ராஜ்ஜியமாக ஆனபோது, லத்தீன் எழுத்து நிலைத்தது. ஆனால் லத்தீனில் ஷ, ஞ, ச்ச எதுக்கும் எழுத்து கிடையாது. இருக்கிற எழுத்துகளை ஒட்டிவைத்துப் பார்த்தார்கள். ஆளுக்கு ஒரு மாதிரி எழுதினார்கள். 1832-ல் ஹங்கேரிய அறிவியல் அகாடமி எழுத்து விதிகளை வெளியிட்ட பிறகுதான் ஒரு ஒழுங்கு வந்தது.

அந்தப் பழைய குழப்பம் குடும்பப் பெயர்களில் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கு. மெட்ரோ ஸ்டேஷன்களில் பார்க்கும் கொஷூத் என்ற தலைவரின் பெயர் 'டி-ஹெச்'-ல் முடிவது மாதிரித் தெரிந்தாலும் வெறும் 'த்'தான். சேச்சேஞி பெயரில் 'சி-ஹெச்' இருக்கும், இன்றைய விதிப்படி அது 'சி-எஸ்' ஆக இருக்கணும். பெயரில் கை வைக்க யாருக்கும் மனசு வரலை. எனவே 'ஒரு எழுத்து ஒரு ஒலி' என்ற விதிக்குப் பழைய குடும்பப் பெயர்கள் மட்டும் விலக்கு.

தமிழ் நாக்கு செய்யும் சில தப்புகள்

ஆங்கிலச் சொற்களுக்காக நாம் 'ட' போட்டுப் பழகிவிட்டோம். ஹங்கேரியத்தில் நாக்கு பல்லைத் தொடும். பத்து, பந்து என்பதில் வரும் 'த'-தான் அதுக்குப் பொருத்தம். அதனால்தான் 'புடா' இல்லை, 'புதொ'.

அடுத்தது, ப. தமிழில் பாட்டும் பஸ்ஸும் ஒரே எழுத்து. அங்கே ரெண்டும் வேறு. அப்பா-வின் ப போட்டு 'பொர்' என்றால் தூசி. பஸ்-ஸின் ப போட்டு 'பொர்' என்றால் ஒயின். ஹோட்டலில் கவனமாகச் சொல்வது நல்லது.

சொல் முடிவில் 'பஸ்ஸு', 'பேங்க்கு' என்று ஒரு 'உ' சேர்க்கும் பழக்கத்தையும் விட்டுவிடணும். அங்கே மெய்யில் முடிந்தால் மெய்யிலேயே நிறுத்தணும். இன்னொரு பழக்கத்துக்கு மட்டும் ஹங்கேரியில் துணை கிடைக்கும். ஸ்கூலை 'இஸ்கூல்' என்று சொன்னால் நம்ம ஊரில் கிண்டல் பண்ணுவாங்க இல்லையா? ஹங்கேரியத்தில் பள்ளிக்கூடத்தின் பெயரே 'இஷ்கொலொ'. லத்தீனின் 'ஸ்கோலா' வந்தபோது, ரெண்டு மெய்யெழுத்தில் தொடங்க வராமல் முன்னால் ஒரு 'இ' போட்டுக்கொண்டார்கள். இன்று அகராதியிலும் அதுதான்.

ரெட்டிப்பு விஷயத்தில் நாம் தேர்ந்தவர்கள். படு-பட்டு, பலி-பல்லி தெரிந்தவருக்கு 'கொஸொ', 'கொஸ்ஸொ' வித்தியாசம் காதில் உடனே விழும். முதலாவது புல் வெட்டும் நீண்ட அரிவாள், ரெண்டாவது கடையில் பணம் கட்டும் இடம். எழுத்தில் ஒரு தந்திரம் இருக்கு: 'எஸ்-இசட்' ரெட்டிக்கும்போது முழுசாக ரெண்டு தடவை எழுதாமல், 'எஸ்'-ஐ மட்டும் ரெண்டாக்கி 'இசட்'-ஐ ஒன்றாக விடுவார்கள்.

கிளாஸ் உயர்த்தும்போதும், யாராவது தும்மினாலும் சொல்லும் வாழ்த்து 'எகேஷ்ஷேகெத்ரெ'. 'உன் ஆரோக்கியத்துக்கு' என்று அர்த்தம். இதில் 'ஷே'-யைக் குறிலாக்கி, அடுத்த 'க'-வை ரெட்டித்துவிட்டால் 'உன் முழுப் பின்பக்கத்துக்கு' என்று ஆகிவிடும். வெளிநாட்டுக்காரரை வைத்து ஹங்கேரியர்கள் வழக்கமாகச் சொல்லிச் சிரிக்கும் ஜோக் இது.

சிரிப்பு இல்லாத ஒரு சொல்லும் தெரிந்திருக்கணும். 'ஷெகீச்சேக்!' என்றால் 'உதவி!' அவசரத்தில் எழுத்தைப் பார்த்து 'செகிட்செக்' என்று கத்தினால் யாருக்கும் புரியாது. எந்தச் சொல்லானாலும் அழுத்தம் முதல் அசையில்தான், அதனால் 'ஷெ'-வை ஓங்கிச் சொல்லணும்.

சரி, அந்த நோபல் பெயர்?

ஹங்கேரியில் குடும்பப் பெயர்தான் முதலில் வரும், சொந்தப் பெயர் பிறகு. ஆக அவர் ஊரில் அவர் 'க்ரொஸ்நொஹொர்கொயி லாஸ்லோ'. நடுவில் 'எஸ்-இசட்' இருப்பதால் 'ஸ்'. தலையில் கோடு இல்லாத முதல் எழுத்து மூணு இடத்தில் வருவதால் அங்கெல்லாம் உதடு குவித்த 'அ'. நடுவில் இருக்கும் 'ஹொ' மட்டும் நிஜமான 'ஒ'. லாஸ்லோவில் ரெண்டு உயிரெழுத்துக்கும் கோடு இருக்கு, அதனால் ரெண்டும் நெடில். முதல் அசை 'க்ரொஸ்'-ல் அழுத்தம் கொடுத்து, மிச்சத்தை ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்க.